இருவருக்கென்று ஒதுக்கிய செக்கன்

டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற ஊரில் அந்த நாட்களில் இருந்த தமிழர் எல்லாரையும் கூட்டினால் ஒரு பஸ் நிரம்பும், அதற்கு மேல் இல்லை. அந்தச் சிறு கூட்டத்திலும் ஸ்ரனிஸ்லாஸ் என்று கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள். 'செக்கன் அண்ணை' என்றால் உடனே கை காட்டுவார்கள். பட்டத்தை வைத்தவர் அவரோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த ஜீவரட்ணம். நேரம் என்ன அண்ணை என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால், மணியும் நிமிடமும் செக்கனும் சொல்லி, அந்தச் செக்கன் எந்த வானொலியிலிருந்து எடுத்தது என்பதையும் சொல்லித்தான் மனிதர் ஆளை விடுவார். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு இது எவ்வளவு உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

ஊர் இலங்கையின் வடக்கே இளவாலை. சுன்னாகம் ரயில் ஸ்ரேசனில் ரிக்கெற் கொடுத்துக்கொண்டிருந்தவர். எண்பத்து மூன்றில் நாடு எரிந்த பிறகு பெண்சாதி பற்றிமாவையும் சின்ன மகள் மேரிகிறேஸையும் பற்றிமாவின் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு, வழியில் படாத பாடெல்லாம் பட்டு டென்மார்க் வந்து சேர்ந்தார். அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஒரு துணி ஆலையில் சாயம் போடுகிற பகுதியில் வேலையும் கிடைத்தது. இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் இருவரையும் கூப்பிட வேண்டும். விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பதில் வரும்வரை பற்றிமா மனதால் விலகிப்போய்விடக் கூடாது. அவருடைய பயமெல்லாம் அதுதான். பக்கத்து அறைக்காரர்களுக்கு வந்த கடிதங்கள் நாலு பக்கத்திலிருந்து ஒரு பக்கமாகி, பிறகு வருடத்துக்கு ஒரு நத்தார் வாழ்த்தட்டையாகச் சுருங்கியதை அவர் கண்டிருந்தார்.

ஆலையில் இயந்திரம் திருத்துகிற மின்சாரக்காரர் வெர்னர் என்ற டேனிஷ்காரர். ஐம்பது தாண்டிய, பேச்சுக் குறைந்த மனிதர். ஒருநாள் கோப்பி குடிக்கிற நேரம் ஸ்ரனிஸ்லாஸ் சின்ன வானொலியைக் காதோடு வைத்து, மணியடிக்கும்போது கைமணிக்கூட்டைத் திருத்துவதை வெர்னர் கண்டார். தன் சாதிக்காரனைக் கண்ட சந்தோஷம் அந்த முகத்தில் அன்றைக்குத்தான் தெரிந்ததாம். அடுத்த வியாழக்கிழமை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் நிலவறைக்குப் போனார்.

அங்கே ஐந்தாறு பேர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், பன்றிப் பண்ணை வைத்திருக்கிற ஒருவர். இவர்கள் எல்லாரும் கிழமைக்கொருதரம் கூடி, யாருடைய மணிக்கூடு எவ்வளவு பிந்தியது என்று பார்ப்பார்கள். ஒரு செக்கனைப் பத்தாய், நூறாய், ஆயிரமாய் வெட்டி, அந்தத் தூளில் ஒன்றிரண்டு பிசகியதற்காகப் பண்ணைக்காரர் முகம் கறுத்து உட்கார்ந்திருப்பார். பன்றி செத்தாலும் இப்படிக் கவலைப்படமாட்டார். ஜெர்மனியில் ஓர் அணு மணிக்கூடு இருக்கிறது; அதன் நேரத்தை ஒரு வானொலிக் கோபுரம் செக்கனுக்குச் செக்கன் அனுப்பிக்கொண்டே இருக்கிறது; அதைப் பிடிக்கிற பெட்டிகளைத் தாங்களே செய்து வைத்திருந்தார்கள். பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு. ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு சிமிட்டு. நிமிடத்தின் கடைசிச் செக்கனில் மட்டும் சிமிட்டாது. அந்த வெறுமைக்குப் பிறகு வருகிற சிமிட்டுத்தான் புதிய நிமிடம்.

ஸ்ரனிஸ்லாஸ் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். வெர்னர் அவருக்கு விளங்கப்படுத்தினார்: அணுவுக்கு ஊர் பேதம் இல்லை. இங்கே அது எப்படித் துடிக்கிறதோ அப்படித்தான் உலகத்தில் எங்கும் துடிக்கும். விசா இல்லாமல், சோதனைச் சாவடி இல்லாமல், இளவாலைக்கும் ஹேர்னிங்குக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறதென்று முதல்முறையாக ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கே பற்றிமாவுக்கு எழுதினார். எங்கள் வீட்டில் இரவு ஏழரைக்குச் செபமாலை சொல்லுகிற வழக்கம் இருக்கிறதல்லவா, அதை விடாதேயும். அங்கே ஏழரை அடிக்கும்போது நானும் இங்கே முழங்காலில் இருப்பேன். ஒரே செக்கனில் தொடங்குவோம். கொழும்புக்குப் போன ஒரு கத்தோலிக்கச் சாமியாரிடம் நல்ல கைமணிக்கூடு ஒன்றும் கொடுத்துவிட்டார். வானொலிச் செய்திக்கு முன்னால் வருகிற 'பீப்' சத்தத்துக்கு அதைத் திருத்தச் சொல்லி இரண்டு பக்கத்தில் விளக்கம்.

இளவாலையில் ஏழரை என்றால் இங்கே குளிர்காலத்தில் பின்னேரம் மூன்று. ஆலையில் எல்லாரும் கோப்பி குடிக்கிற நேரம். அவர்கள் கேக்கை வெட்டிச் சிரித்துக்கொண்டிருக்க, இவர் நூல் பெட்டிகளுக்குப் பின்னால் ஈரச் சீமெந்துத் தரையில் முழங்காலில் நிற்பார். நாலைந்து தரம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு, இந்தக் கறுத்த மனிதருக்கு எங்களைப் பிடிக்காது என்று முடிவுகட்டி விட்டுவிட்டார்கள். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பற்றிமாவின் பதில் வந்திருந்தது. 'நீங்கள் எழுதினபடி ஏழரைக்குத் தவறாமல் சொல்லுகிறோம். மணிக்கூடு நன்றாக ஓடுகிறது.' அந்த வரியை அவர் ஜீவரட்ணத்துக்கும் வாசித்துக் காட்டினார்.

"அண்ணை, பற்றிமா அக்கா வேறையும் எழுதியிருக்கிறாவே, அதையும் வாசியுங்கோவன்" என்றார் ஜீவரட்ணம்.

"மற்றது வழமையான கதையள்தான்."

எண்பத்தைந்தாம் ஆண்டு பிறந்த கையோடு நிலவறையில் ஒரே பரபரப்பு. பூமி சுற்றுகிற வேகம் ஒரு சீராக இல்லை. அணு மணிக்கூடுகளோ பிசகுவதில்லை. ஆகவே பூமி பிந்திப்போகிறபோது உலக மணிக்கூடுகள் எல்லாம் ஒரு செக்கன் நின்று அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு லீப் செக்கன் என்று பெயர். அந்த வருடம் யூன் மாத முடிவில் ஒன்று வருகிறதென்று அறிவித்திருந்தார்கள். டென்மார்க்கில் அது விடியப்புறம் இரண்டு மணிக்குச் சற்று முந்தி. ஸ்ரனிஸ்லாஸ் ஒரு துண்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார். இலங்கையில் யூலை முதலாம் திகதி காலை ஐந்தரை. இளவாலையில் கோயில் முதல் மணி அடிக்கிற நேரம்.

தேவதாயே தனக்காகப் பார்த்து ஒழுங்கு செய்திருக்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். இதில் யாரும் சிரிக்கத் தேவையில்லை. தனியாகக் கிடக்கிற மனிதருக்கு இப்படித்தான் தோன்றும். எழுதினார்: ஐந்தரைக்கு முந்தி ஒரு செக்கன் வரும். அது எந்த நாளின் கணக்கிலும் இல்லாத செக்கன். உலகத்தில் மற்றவர்களுக்கு அது தேவையில்லை. அதை நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொள்வோம். நீர் எழும்பி மெழுகுதிரி கொளுத்தி மாதா சுரூபத்துக்கு முன்னால் இரும். நானும் இருப்பேன்.

அந்தச் செக்கன் வந்தது. நிலவறையில் ஐந்தாறு டேனிஷ்காரர் மூச்சுவிடாமல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, சிமிட்டாமல் விட வேண்டிய இடத்தில் விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அதுதான் முழுச் சம்பவமும். பண்ணைக்காரர் கண்ணைத் துடைத்தார். மூலையில் ஸ்ரனிஸ்லாஸ் முழங்காலில் இருந்தார். பிறகு எழும்பி, என் மனைவியும் இப்போது இலங்கையில் இதைக் கொண்டாடினாள் என்று சொன்னார். எல்லாரும் பற்றிமாவின் பெயரைச் சொல்லிக் கிளாசை உயர்த்தினார்கள். வாத்தியார் சங்கத்துப் பலகையில் அவளுடைய பெயரை எழுதி, பக்கத்தில் 'ஆசியா' என்று போட்டார். தன் வாழ்க்கையில் அதைவிடப் பெருமைப்பட்ட நாள் ஸ்ரனிஸ்லாஸுக்கு இருக்கவில்லை. பற்றிமாவும் எழுதியிருந்தாள்: 'நீங்கள் சொன்னபடி செய்தோம்.'

அடுத்த வருடம் வைகாசியில் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். கஸ்ரப் விமான நிலையத்தில் அவருக்குப் பற்றிமாவை உடனே அடையாளம் தெரியவில்லை. நல்ல தாட்டியான பெண்ணாக விட்டுவிட்டு வந்தவர். இப்போது கழுத்தெலும்பு தெரிந்தது. பிள்ளை உயரவே இல்லை. களைப்பு, நாலு நாள் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புதிதாக எடுத்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சிவப்பு விளக்குப் பெட்டியைக் காட்டினார். பற்றிமா அதைப் பார்த்தாள். வடிவாயிருக்கு என்றாள். பிறகு சமையலறைக்குள் போய் அரிசிப் பையைத் திறந்து, அதற்குள் கையை விட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வெர்னர் வரவேற்க வந்தார். மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தார். முந்தி வந்துவிட்டதால் வீட்டு வாசலில் காருக்குள்ளேயே இருந்து, மூன்று அடித்த பிறகுதான் மணியை அழுத்தினார். கையில் கேக். கோப்பி குடித்து முடிந்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டு, நிலவறைக்காரர் எல்லாரும் அறிய ஆசைப்படுவதாக ஒரு கேள்வி கேட்டார். அந்த மேலதிகச் செக்கனில் உங்கள் மனைவி என்ன செய்தார்? அவருக்கு எப்படி இருந்தது?

ஸ்ரனிஸ்லாஸ் சிரித்த முகத்தோடு தமிழில் கேட்டார். "போன வருசம் யூலை முதலாம் திகதி விடிய, அந்தச் செக்கன். அந்த நேரம் உமக்கு எப்பிடி இருந்தது எண்டு கேக்கிறார்."

"எந்தச் செக்கன்?" என்றாள் பற்றிமா.

"நான் எழுதினனான்தானே. ஐந்தரைக்கு. மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லி."

கேக்கை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேரிகிறேஸ் தலை நிமிர்ந்தாள். "அம்மா அந்த மணிக்கூட்டை வித்துப்போட்டாவே அப்பா. எனக்குக் காய்ச்சல் வந்தநேரம்."

பற்றிமா பிள்ளையின் வாயைப் பொத்தவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "வந்து ரெண்டு கிழமை கூட எங்களிட்டை இருக்கேல்லை" என்றாள்.

வெர்னர் புன்சிரிப்போடு காத்திருந்தார். ஸ்ரனிஸ்லாஸுக்கு நேரத்தைப் பற்றிய டேனிஷ் தண்ணீராக வரும். அந்தத் தண்ணீரில் கையை விட்டு ஒரு பொய்யை எடுத்தார். மெழுகுதிரி கொளுத்தினாளாம், கோயில் மணி அடித்ததாம், மிகவும் அமைதியாக இருந்ததாம். வெர்னர் பற்றிமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. அவளும் தலையை ஆட்டினாள்.

பிள்ளையைப் படுக்க வைத்த பிறகும் வெளியில் வெளிச்சம் போகவில்லை. கோடைக்காலத்தில் இந்த நாட்டில் சூரியனுக்கு வீட்டுக்குப் போகிற எண்ணமே இருப்பதில்லை. ஸ்ரனிஸ்லாஸ் கதிரையில் இருந்தபடி கேட்டார்.

"அப்ப ஏழரைச் செபமாலை?"

"ஏழரைக்கு விளக்குக் கொளுத்த ஏலாது. வெளிச்சத்தைக் கண்டால் ஹெலி வந்து சுடும். பொழுதுபட முந்தி, எப்ப ஏலுமோ அப்ப சொல்லுவம். சில நாள் இல்லை."

"தவறாமல் சொல்லுறம் எண்டு எழுதினீரே."

"நீங்கள் சந்தோசப்படுவீங்கள் எண்டு எழுதினது."

"ரெண்டு வருசம் பற்றிமா. நான் அந்த ஆலையில நாய் மாதிரி முழங்காலில நிண்டனான். நீர் பக்கத்தில இருக்கிறீர் எண்டு நினைச்சு நிண்டனான்." அவருடைய குரல் உடைந்தது. உண்மையான வேதனைதான், நடிப்பு இல்லை. ஆனால் அந்த வேதனைக்குள் ஒரு கணக்கன் இருந்தான். தனக்கு வரவேண்டியது வரவில்லை என்று அவன் முறையிட்டுக்கொண்டிருந்தான்.

பற்றிமா அவருக்கு எதிரில் வந்து இருந்தாள்.

"நான் ஒண்டு கேக்கிறன். கோவிக்காதையுங்கோ. இந்த ரெண்டு வருசத்தில ஒரு கடிதத்திலயாவது நாங்கள் என்ன சாப்பிடுறம் எண்டு கேட்டனீங்களா? பிள்ளை எங்கை படுக்குது எண்டு கேட்டனீங்களா? ஷெல்லுக்குப் பயந்து தோட்டத்துக்கை கிடங்கு வெட்டி அதுக்கை இருந்தம் எண்டு நான் எழுதினன். அதுக்குப் பதிலா நீங்கள் பீப் சத்தத்தைப் பற்றி எழுதினீங்கள்."

கேட்டிருப்பேன், கட்டாயம் கேட்டிருப்பேன் என்று அவர் மனது அடித்துக்கொண்டது. தான் எழுதிய ஒரு கடிதத்தில் அப்படி ஒரு வரியைத் தேடினார். அகப்படவில்லை.

"சரி, அது போகட்டும்" என்றாள் அவள். "இப்ப உங்களுக்கு முன்னால இருக்கிறன். இப்ப கேளுங்கோ."

கேட்கச் சொல்லி ஒரு பெண் இதைவிட எப்படித்தான் சொல்லுவாள்? அவர் அவளைப் பார்த்தார். அந்தக் கழுத்தெலும்பையும் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப, அண்டைக்கு விடிய அந்த நேரம் நீர் எங்கை இருந்தனீர்?"

பற்றிமாவின் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. அது இருந்திருந்தால் நல்லது.

"அது சண்டை நிப்பாட்டின கிழமையள்" என்றாள் மெதுவாக. "கன மாசத்துக்குப் பிறகு வெடிச்சத்தம் இல்லை. கிடங்குக்கை போகாமல் வீட்டுக்கை படுத்தனாங்கள். நானும் பிள்ளையும் வெயில் முகத்தில அடிக்குமட்டும் நல்ல நித்திரை."

வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் சொன்ன ஒரே நல்ல செய்தி அது. எந்தப் புருசனுக்கும் அதைக் கேட்டு மனது குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்ரனிஸ்லாஸுக்குக் குளிரவில்லை. அப்படியென்றால் நான் மட்டும் தனியாக முழங்காலில் இருந்திருக்கிறேன் என்பதுதான் அவருக்குத் தோன்றியது. தோன்றியதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

பற்றிமா அதை அவர் முகத்தில் கண்டாள். எழும்பி, மகள் படுத்திருந்த அறைக்குள் போய்ப் பக்கத்தில் சரிந்தாள். அன்றிலிருந்து அவள் படுத்தது அங்கேதான்.