நாசி லெமாக்கும் பாகற்காயும்

எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாகற்காய்ப் பொரியல் கட்டிக் கொடுக்கும் தாய் மலேசியாவின் கிள்ளானில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். என் அம்மா கட்டிக் கொடுத்தார், அதுவும் வாரத்தில் பாதி நாள். மீதி நாள்களில் கேழ்வரகுப் புட்டு, வெந்தயக் கீரை, எண்ணெயையே கண்ணில் காட்டாத சப்பாத்தி. பக்கத்தில் உட்காரும் தோழியின் டப்பாவில் பொரித்த கோழி மணக்கும்போது, என் டப்பாவிலிருந்து நாட்டு மருந்துக்கடை வாசம் வரும். முகத்தைச் சுளித்தால், "படிக்கிற பிள்ளைக்குச் சத்து வேணும்" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

நல்லவேளையாக எனக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர், தனிக்கட்டை. வேலை மத்தியானம்தான் தொடங்கும் என்பதால், காலையில் அவர்தான் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பள்ளியில் இறக்கிவிடுவார். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வலது கால் பெருவிரலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. வாயைக் கட்டாவிட்டால் விரலையே எடுக்கவேண்டி வரும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, வழக்கம்போல நெய் மினுக்கும் இரண்டு ரொட்டி சானாயும் சீனிப்பால் ஊற்றி ஆற்றிய ஒரு தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அம்மா ஒருமுறை அவருக்கென்று பத்தியமாகச் சமைத்துத் தூக்குச்சட்டியில் நீட்டிப் பார்த்தார்.

"அக்காவுக்குச் சீர் கொண்டாந்து குடுக்க வேண்டியவன் நானு. நான் போயி ஒன் வீட்டுச் சோத்துல ஒடம்பத் தேத்தணுமா?" என்று மாமா சீறினார். அம்மாவும் சும்மா இருக்கவில்லை. மாமா ஒரு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அந்த மாதம் முழுதும் நான் பள்ளி வேனில் போனேன். வேன் என்றால் எனக்கு வாந்தி. ஆகவே இனி இந்த அக்காவும் தம்பியும் சண்டை போடவே கூடாது என்பதில் உலகத்திலேயே அதிக அக்கறை எனக்குத்தான் இருந்தது.

கோபம் தணிந்து மாமா திரும்பி வந்த வாரத்தில்தான் என் டப்பாவில் பாகற்காய் நுழைந்தது.

முதல் நாளே, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு வாங்க மாமா நிறுத்திய கடையில், டப்பாவைத் திறந்து காட்டி நான் ஓவென்று அழுதேன்.

"ஐயோ மருமவளே, என்னலா இது! ஒன் அம்மாவுக்கு மனசே இல்லயா?" என்றார் மாமா. அக்கா பிள்ளையின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய்மாமன் சும்மா இருப்பான்? சோற்றைக் கொட்டுவதும் பாவம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாகற்காயை ஒரு துண்டு விடாமல் அவரே தின்று தீர்த்தார். டப்பாவைக் கழுவி, தனக்கென்று வாங்கிய நாசி லெமாக் பொட்டலத்தை அதில் வைத்து மூடிக் கொடுத்தார். "அம்மாகிட்ட மூச்சு விடாத."

அதுவே வழக்கமாகிவிட்டது. அம்மாவோ டப்பாவைப் பெரிதாக மாற்றினார், பாகற்காயும் கூடியது. தினமும் டப்பா காலியாகத் திரும்பியும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட உண்டு.

பள்ளியில் சத்துணவு வாரம் வந்தது. டீச்சர் எல்லாரையும் டப்பாவைத் திறந்து மேசைமேல் வைக்கச் சொன்னார். என் டப்பாவில் எண்ணெய் ஊறிய பழுப்புக் காகிதப் பொட்டலம், கருகருவென்ற மிளகாய்ச் சம்பலோடு. மறுநாள் அம்மாவை வரச்சொல்லி ஆள் போயிற்று.

நான் கதவோரம் நின்றேன். அம்மா வாயைத் திறந்தால் மாமா மாட்டிக்கொள்வார், மறுபடி சண்டை, மறுபடி வேன்.

"சின்னப் பிள்ளைக்கு டெய்லி நாசி லெமாக்கா குடுத்து விடுறீங்க?" என்றார் டீச்சர்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமா டீச்சர். காலையில சமைக்க நேரம் பத்தல. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

விடியுமுன் எழுந்து பாகற்காய் நறுக்கிய என் அம்மா, சுவரில் தொங்கிய உணவுக் கூம்பகப் படத்தின் கீழே தலையைக் குனிந்துகொண்டு, காய்கறியின் அவசியம் பற்றி முழுப் பாடமும் கேட்டார்.

பள்ளி வாசல் தாண்டியதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒன் மாமன் பாவக்காய மிச்சம் வைக்காமத் திங்கிறானா?"

தலையாட்டினேன். அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

"நாளையிலேருந்து ரெண்டு டப்பா. பெருச அவன்கிட்ட குடு, எப்பவும் போல மொகத்தத் தூக்கி வச்சிக்க. பைக்கு அடியில இருக்கிற சின்னது ஒனக்கு. அந்தப் பொட்டலத்த அப்பாவுக்குக் கொண்டாந்துரு. எனக்குத் தெரியும்னு மட்டும் மாமன்கிட்ட சொல்லிறாத."

சின்ன டப்பாவில் அவித்த முட்டை, வெள்ளரி, பப்பாளித் துண்டு. டீச்சர் என் கையில் நட்சத்திரம் ஒட்டினார். எனக்கோ பொறுக்கவில்லை. கூட்டுச் சேர்ந்து செய்த குற்றத்தில் மாமாவுக்கு மன்னிப்பு, எனக்குப் பப்பாளி, ஒன்றுமே செய்யாத அப்பாவுக்கு நாசி லெமாக். என்ன நியாயம் இது?

தீபாவளிக்கு மாமா அம்மாவுக்குச் சேலையும் எனக்குப் பாவாடையும் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டு வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பெருவிரலில் துணி இல்லை, புண்ணும் இல்லை.

சாப்பிடும்போது அவருக்கு உண்மை பேசும் ஆசை வந்துவிட்டது. "அக்கா, சொல்றேன், கோவிச்சுக்காத. ஒன் மவளுக்காக நான் எவ்வளவு பாவக்கா தின்னிருக்கேன் தெரியுமா? பாவம்லா, பச்சப் பிள்ள. அதுக்குப் போயி அதக் கட்டிக் குடுக்கிறியே!"

அம்மா மாமாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விடுவிடுவென்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

போச்சு, இந்த மனுஷன் தானே உளறிக் கெடுத்துவிட்டாரே, லீவு முடிந்தால் மறுபடி வேன்தான் என்று நான் மாமாவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.