லோர்னா அக்கா திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தார்

ஆமாம், நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். துபாய் கராமா லாண்ட்ரியில் என்னோடு இஸ்திரி போட்ட லோர்னா அக்கா நேற்று இறந்துவிட்டார். பிலிப்பைன்ஸில், செபுவில், அவர் வீட்டுக் கட்டிலில்.

அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை... இங்கே ரூமில் உயிர் போயிருந்தால்தான் அழுதிருப்பேன்.

டிசம்பரிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்காவுக்கு ஒரே கவலை, ஜனவரியில் அவர் ஊர் சினுலோக் திருவிழா. குழந்தை இயேசுவுக்காக ஊரே தெருவில் ஆடுமாம். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

வருடா வருடம் லீவு கேட்பார். ஜனவரிதான் எங்களுக்கு சீசன், ஹோட்டல் யூனிஃபார்ம் மலையாகக் குவியும். மேனேஜர் "லீவ் மாஃபி", கிடையாது, என்று அரபியில் முடித்துவிடுவார்.

திருவிழா அன்றைக்கு அக்கா இஸ்திரி டேபிள் பக்கத்திலேயே ஆடுவார். கையில் கொளுத்தாத மெழுகுவர்த்தி. கொளுத்தினால் ஃபயர் அலாரம் அடிக்குமே.

இரண்டு அடி முன்னால், ஒரு அடி பின்னால். மொத்த டான்ஸும் அவ்வளவுதான்.

குளச்சல் பக்கம் எங்கள் கோயில் சப்பரத்துக்கு முன்னால் இப்படி ஆடினால் பங்குச்சாமி முறைப்பார் என்றேன். அக்கா சிரித்தார். இயேசு கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்பே அவர் ஆட்கள் மரச் சாமிகளுக்கு முன்னால் இதே ஆட்டம் ஆடினார்களாம். ஸ்பெயின்காரன் சாமியை மாற்றினான், ஆட்டத்தை மாற்ற முடியவில்லை...

"அது சரி, எதுக்கு பின்னால போறீங்க?"

"ஆத்துத் தண்ணி அப்படித்தான் போகும் தம்பி. நீ இன்ஜினியரிங்ல பின்னாடி ஸ்டெப் மட்டும் போட்டுட்டு வந்துட்ட."

நான் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன். அக்கா பேசுவது, முன்பு மதுரைக்காரர் மெஸ்ஸில் வேலை பார்த்தபோது பிடித்த தமிழ். கிண்டலுக்கு மட்டும் சுத்தமாக வரும்.

விசா கேன்சல் இழுத்துக்கொண்டே போனது. திருவிழா நெருங்கிய பிறகுதான் டிக்கெட் வந்தது. வீல்சேரில் வைத்து ஏர்போர்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்த பிலிப்பினோ பெண் அக்கா முகத்தையே பார்த்தாள். இந்த நிலைமையில் ஃப்ளைட் தாங்குவாரா என்று என்னிடம் கேட்டாள். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அக்கா வீல்சேரைப் பிடித்து எழுந்தார். இரண்டு அடி முன்னால், ஒரு அடி பின்னால்.

"பிட் சென்யோர்" என்றார். அந்தத் திருவிழாவில் எல்லோரும் போடும் கோஷம் அது.

அந்தப் பெண்ணும் அதையே திருப்பிச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போர்டிங் பாஸ் அடித்துக் கொடுத்தாள்.

திருவிழா அன்று வீடியோ கால். ஒரே டிரம் சத்தம். அங்கே கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் பெண்களிடம் ஒரு பெயரைச் சொன்னால், அந்த ஆளுக்குப் பதிலாக அவர்களே ஆடி வேண்டிக்கொள்வார்கள். அக்கா உட்கார்ந்திருந்தார், ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள்... அவள் வாயில் என் பெயர். ஜெரின், ஜெரின்.

உங்களுக்காக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லையா என்றேன்.

"நான்தான் வந்து சேர்ந்துட்டேன்ல. இன்னும் என்ன கேக்கிறது?"

சரி அக்கா. போயிட்டு வாங்க. பிட் சென்யோர்.

கீழே வேன் வந்துவிட்டது, டிரைவர் ஹார்ன் அடிக்கிறான். டியூட்டிக்குப் போகணும்.