சீலனின் பங்கு

போன மாதம் சுவிஸில் அண்ணாவோடு ஒரு சுப்பர்மாக்கட்டுக்குப் போனேன். மறுநாள் எனக்கு விமானம். ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கிற கடை அது. பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் கடைசி நேரத்தில் ஓடிவந்து வாங்குவதற்காகவே எல்லாவற்றையும் வாசலில் அடுக்கியிருந்தார்கள். சொக்லேட் ஒரு மதில் உயரத்துக்கு. தேனும் கறுவாவும் போட்டுச் சுட்ட, பல்லைப் பதம் பார்க்கிற பிஸ்கட். பற்பசை மாதிரிக் குழாயில் அடைத்த கடுகு. துருவி அவித்த உருளைக்கிழங்கு வெள்ளிப் பைக்குள். பால் திரைந்த தண்ணீரில் செய்த ஒரு சோடாகூட இருந்தது. குடித்துப் பார்த்தேன். மோருக்குச் சீனி போட்டு யாரோ கோபத்தில் குலுக்கியது மாதிரி.

அண்ணாவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. கூடைக்குள் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு போட்டார். ஒன்று எனக்கு, ஒன்று என் மகளுக்கு. பிறகு சீஸ் விற்கிற பக்கம் போனார். தோல் பழுப்பேறிய கட்டிச் சீஸில் ஒரு துண்டை எடுத்து, மற்றச் சாமான்களோடு சேர்க்காமல் கூடையின் மூலையில் தனியாக வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றோம்.

அந்தச் சீஸ் மணம் எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது மூக்கில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள், அந்த மணம் எனக்கு வெளிநாட்டு மணம் இல்லை. கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரியின் மணம்.

எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. கிழக்கே கடல் எந்நேரமும் இரையும். மேற்கே வாவி சத்தமே போடாது. அப்பா முன்னரே இறந்துவிட்டார். நாட்டில் சண்டை தொடங்கிய கொஞ்ச நாளில் அண்ணா சுவிஸுக்குப் போனார். மிச்சம் அம்மா, நான், தம்பி சீலன். நான் சங்கக்கடையில் சாமான் நிறுக்கிற வேலை பார்த்தேன். கடையில் மா வந்தால் சீனி வராது, சீனி வந்தால் பருப்பு வராது. சனம் வெறும் பையோடு என்னை முறைத்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட காலத்தில் எங்கள் வீட்டில் மட்டும் சுவிஸ் நாட்டு உருளைக்கிழங்கு இருந்தது. வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கும்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மஞ்சள் பெட்டி வரும். அண்ணா ஒவ்வொரு பொருளிலும் வெள்ளைக் கடதாசி ஒட்டி, யாருக்கு என்று எழுதியிருப்பார். அம்மாவுக்கு, தங்கச்சிக்கு, சீலனுக்கு. பங்கு பிரிக்கையில் நாங்கள் சண்டை பிடிப்போம் என்று பயம். சரியான பயம்தான். சண்டை பிடிக்கிறவள் நான். முதல் தடவை வந்த துருவல் கிழங்கை, புட்டுத்தான் பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்து அம்மா தேங்காய்ப்பூப் போட்டு மறுபடி அவித்தாள். அது பசையாகி, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. நீத்துப்பெட்டியைத்தான் எறிந்தோம். சீஸ் கப்பலில் வெயிலில் கிடந்து வியர்த்து வரும். எனக்கும் அம்மாவுக்கும் குமட்டும். சீலன் மட்டும் பழஞ்சோற்றுக்கு அதைக் கடித்து, கூடவே பச்சை மிளகாயும் கடிப்பான். “கருவாட்டத் திண்டுட்டு இதுக்கு மூக்கப் பொத்துறியே அக்கா” என்பான்.

ஒரு காலை அவன் வகுப்புக்கென்று சைக்கிளில் வாவிப் பாலத்துப் பக்கம் போனான். வரவில்லை. வேனில் ஏற்றியதைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். அடுத்த கிழமை போய்க் கேட்டபோது இரண்டு பேருமே தாங்கள் ஒன்றையும் காணவில்லை என்றார்கள். யார் பிடித்தார்கள் என்று இன்றுவரை எவனும் எங்களுக்குச் சொல்லவில்லை. சைக்கிள் மட்டும் பாலத்தடியில் ஒரு வேலியோரம் பத்து நாள் நின்றது. தொட யாருக்கும் துணிவில்லை. அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பதினோராம் நாள் அதுவும் இல்லை.

நான் அண்ணாவுக்கு எழுதினேன். அம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதியது. கடைசியில் அவள் சொன்னது, “சீலன்ட பங்க நிப்பாட்டாத எண்டு கொண்ணனுக்கு எழுது” என்பது. அண்ணா நிறுத்தவில்லை.

அதன் பிறகு வந்த பெட்டிகளில் சீலனின் பங்கை அம்மா அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கினாள். பிரிக்கக் கூடாது, ஒருவரும் தின்னக் கூடாது. எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆள் செத்து எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் இலையில் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் படைப்போம். பிறகு அதில் கொஞ்சம் எடுத்துக் காகத்துக்கு வைப்போம். காகம் எடுத்தால் செத்தவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவனுக்கு அதைச் செய்தால் அவனைக் கொன்ற மாதிரி. அதனால் சீலனின் படத்தையே அம்மா சுவரில் வைக்கவில்லை. அதைத் தன் சீலைக்குள் மடித்து ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். மேல்தட்டுக்கு முன்னால் நின்று நான் தலை குனிந்தாலே ஏசுவாள்.

தட்டு நிறைந்துகொண்டே வந்தது. சீஸ் மேல் சீஸ். முதலில் அலுமாரி மணத்தது, பிறகு அறை, பிறகு விறாந்தை. மடித்து வைத்த உடுப்பிலும் அது ஏறிவிட்டது. கடையில் சாமான் நிறுக்கும்போது சனம் என்னைவிட்டு ஓரடி தள்ளி நிற்கும். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டி, “உங்கட வீட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கிடக்கா புள்ள?” என்று கேட்டாள். எலி இல்லை மாமி என்றேன். போகும்போது அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையில், இந்த வீட்டில் எதைத் தாட்டுப் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி இருந்தது. எனக்கும் சில நாள் அந்தச் சந்தேகம் வந்தது. கடையால் வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் ஓர் ஆண் வியர்வையோடு இருக்கிற மணம். சீலன் வந்துவிட்டான் என்று என் கால் ஒரு நொடி நிற்கும். பிறகு ஆத்திரம் வரும். அம்மாமேல், அண்ணாமேல், அந்த மாட்டுப் பால்மேல்.

அப்படியிருக்கையில் சுற்றிவளைப்பு வந்தது. காலை ஒன்பது மணி. வேலியோரம் இரண்டு வெடி கேட்டது. மரத்துக் காகமெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வாவிப் பக்கம் பறந்தன. பிறகு ஆமிக்காரர் வீட்டுக்குள் வந்தார்கள். அதிகாரியான ஒரு பெரியவன், நாலைந்து சின்னவர்கள், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் சிவில் உடுப்பில். மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே அலுமாரிக்குப் போய்விட்டார்கள். பிணம் இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தார்கள். இருந்தது வரிசையாக அடுக்கிய சொக்லேட், குழாய், வெள்ளிப் பை, சீஸ்.

வாசிக்கத் தெரிந்தவன் கடதாசிகளை ஒவ்வொன்றாக வாசித்தான். சீலனுக்கு. சீலனுக்கு. சீலனுக்கு. ஆமியிடம் கொடுத்த வீட்டுப் பெயர்ப் பட்டியலில் அம்மாவும் நானும் மட்டும். அவன் என்னிடம் திரும்பி, “கெட்டுப்போகாத சாமானாப் பாத்துச் சேத்து வச்சிரிக்கீங்க. காட்டில இரிக்கிற இயக்கக்காரனுக்குத்தானே?” என்றான். பெரியவனுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னான். பெரியவன் என்னைப் பார்த்து, ஜீப் நிற்கிற பக்கம் கையைக் காட்டினான்.

ஜீப்பில் ஏறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“அவன் செத்திட்டான். இது படையலுக்கு வச்சது.”

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் ஒரு சொல் சொன்னால் போதும், என்னை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு பிள்ளையை மிச்சம் வைக்க மற்றப் பிள்ளையைச் சாகக் கொடுக்க வேண்டும். அவள் வாயைத் திறக்கவில்லை.

செத்தவர்களுக்குச் சோறு கொடுப்பது சிங்களவர்களிடமும் உண்டு. பெரியவன் தட்டை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தன் உடைந்த தமிழில், “செத்த ஆளுக்குத்தானே? அப்ப இப்ப குடுங்க. நாங்க பாக்கிறது” என்றான்.

பின்வளவில் வாழை இலை வெட்டினேன். ஒருவன் துவக்கோடு கூடவே வந்தான். ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, அம்மாவின் சீலையை உதறிப் படத்தை எடுத்து, கலண்டர் தொங்கிய ஆணியில் மாட்டினேன். விளக்கேற்றினேன். பெயர் எழுதி ஒட்டிய கடதாசிகளைக் கிழித்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிஸ்கட். சொக்லேட் வெளிறிச் சாம்பல் பூத்துப் போயிருந்தது. கடுகுக் குழாயை அமுக்கினேன், அது தண்ணீராய் வந்தது. அந்த உருளைக்கிழங்கு. கடைசியாகச் சீஸ். அதன்மேல் பூஞ்சணம் மெல்லிசாய், பையன்களுக்கு முதன்முதலில் அரும்புகிற மீசை மாதிரிப் படர்ந்திருந்தது. துடைக்க மனம் வரவில்லை, அப்படியே வைத்தேன்.

பிறகு பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அம்மா கூப்பிட மாட்டாள். நான்தான் கூப்பிட்டேன். “சீலன், வா. வந்து சாப்பிடு.”

நாங்கள் எல்லோரும் பின்கதவைத் திரும்பிப் பார்த்தோம். நான், அம்மா, துவக்கு வைத்திருந்தவர்கள், வாசிக்கத் தெரிந்தவன், எல்லோரும். அங்கே வெயில் மட்டும் இருந்தது. ஆனால் பார்த்தோம், அதுதான் உண்மை. பெரியவன் தொப்பியைக் கழற்றினான். ஒருவரோடு ஒருவர் பேசாமல் வெளியே போனார்கள். போகிற போக்கில் ஒருவன் கீழ்த்தட்டில் இருந்த என் சொக்லேட்டில் இரண்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இலையில் இருந்ததை எவனும் தொடவில்லை. கள்ளனுக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஜீப் சத்தம் போன பிறகு அம்மா எழும்பினாள். என்னை அடிப்பாள் என்று நின்றேன். அவள் இலையில் இருந்து எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, முன்பக்க மதிலில் காகத்துக்கு வைத்துவிட்டு, எதிரில் குந்தினாள். செய்த காரியம் செய்தாயிற்று, முடிவையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. மத்தியானம் வரை குந்தியிருந்தாள். வெடிக்குப் போன காகங்கள் திரும்பவில்லை. அணில்கூட வரவில்லை. கடல் இரைச்சலைத் தவிர ஊரில் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் அவள் முகம் மெல்ல மாறியது. “பாத்தியா, எடுக்கல்ல. என்ட புள்ள உசிரோட இரிக்கான்” என்றாள். உள்ளே போய்ப் படத்தைக் கழற்றிச் சீலைக்குள் மடித்து வைத்துவிட்டு, பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

மூன்று மணியிருக்கும். நான் விறாந்தையில் இருந்தேன். ஒரேயொரு காகம் வந்தது. பறந்து வரவில்லை. ஒழுங்கை வழியே நடந்து, வாசல் படலைக்குக் கீழால் நுழைந்து, மதிலடிக்கு வந்த பிறகுதான் தத்தி மேலே ஏறியது. வீட்டுக்கு வருகிற ஆள் வருகிற வழி. பிஸ்கட்டை அது பார்க்கவில்லை. சொக்லேட்டைப் பார்க்கவில்லை. சீஸை மட்டும் நிதானமாகத் தின்றது. தின்று முடித்து அலகைக் கல்லில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் காகத்தை நம்புகிறவள் இல்லை. பசித்த பறவை கிடைத்ததைத் தின்றது, அவ்வளவுதான். ஆனால் நான் அதைத் துரத்தவில்லை. அது போன பிறகு ஒரு வாளித் தண்ணீர் அள்ளி மதிலைக் கழுவினேன். சத்தம் வராமல் கழுவினேன்.

அம்மா அந்த எடுக்காத காகத்தை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை வாழ்ந்தாள். காணாமல் போனவர்களை விசாரிக்கிற எந்தக் கந்தோருக்குப் போனாலும், கோப்பைத் திறந்து எழுதுகிற எந்தப் பெடியனிடமும் அதைச் சொல்வாள். அவர்கள் எழுத மாட்டார்கள். நான் பக்கத்தில் நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.

சுனாமியாய்க் கடல் வந்த அன்று அந்த வீடு போனது. அலுமாரி போனது. படம் போனது. மதில் இருந்த இடம் இதுதான் என்று காட்ட ஒரு கல்லும் இல்லை. காகம் நடந்து வந்த ஒழுங்கையையே கடல் எடுத்துக்கொண்டது. அரசாங்கம் வாவிக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்த சின்ன வீட்டில் அம்மா இன்னும் கொஞ்ச வருடம் இருந்தாள். கடைசிக் காலத்தில் நாள் கிழமை மறந்துவிட்டது. என்னைச் சில வேளை மாமி என்பாள். அப்போதும் பின்னேரமானால் என் கையைப் பிடித்து ஒன்றைக் கேட்க மறக்கவில்லை.

“காகம் எடுக்கல்லத்தானே புள்ள?”

“எடுக்கல்லம்மா.”

தினமும் கேட்டாள். தினமும் சொன்னேன். இப்போதும் பின்னேரமாகிறது, கேட்பதற்கு ஆளில்லை.