முன்னடுக்கை இறக்கிய கதை

நான் வேலை பார்க்கும் மரக்கிடங்கில் பாதி இடம் எப்போதும் காலியாகக் கிடக்கும். நியூசிலாந்துக்கு வந்து வேலையில் சேர்ந்த புதிதில், மேலாளர் பிரையன் அந்த வெறுந்தரையைக் காட்டி, "அழகாக இருக்கிறது, இல்லையா?" என்றார். நான் துக்க வீட்டு முகத்தோடு அவர் தோளைத் தொட்டு, "கவலைப்படாதீர்கள், வியாபாரம் திரும்பிவிடும்" என்றேன். மனிதர் நான் நன்றாகத் தூங்குகிறேனா என்று விசாரித்தார். இங்கே அடுக்குகளுக்கு நடுவே மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். முதலில் வந்த மரம் முதலில் போகும். எதை எடுத்தாலும் மேலிருந்துதான் எடுக்க வேண்டும். மரம் சரிந்தால் மனிதன் ஓட இடம் வேண்டும், அதற்குத்தான் அந்தக் காலித்தரை. சென்னையை ஒட்டிய பம்மலிலிருந்து வந்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எங்கள் பக்கம் முகப்பு காலியாக இருந்தால் கடை படுத்துவிட்டது என்று பொருள்.

பம்மலிலிருந்து திருமுடிவாக்கம் போகும் சாலையில் தாமோதரன் முதலாளியின் மரக்கடை. குடும்ப நிலத்தில் நெல்லை நிறுத்திவிட்டு மரத்தை அடுக்கிக்கொண்டவர். அங்கே இருப்புப் பார்க்கும் வேலை எனக்கு. சாலையைப் பார்த்த முன்னடுக்கை மட்டும் குறைக்கவே கூடாது என்பது அவர் சட்டம். புது லோடு வந்தால் அதன் தலையில் ஏற்ற வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் பின்பக்கத்திலிருந்து உருவ வேண்டும். சாலையிலிருந்து பார்த்தால் கோபுரம், பின்னால் போய்ப் பார்த்தால் சொத்தைப் பல். "இறக்கிடலாம் முதலாளி, சாயுது" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் அது பின்பக்கமாகவே சாய்ந்தது. பலகை உருவிக்கொண்டிருந்த என் நண்பர் பஷீர் பாயின் வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. இன்றுவரை அந்தக் கால் மடங்குவதில்லை.

அன்று மாலையே முதலாளி தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்: "இந்த புக்கு இருக்கானே, இருப்பு பாக்கச் சொன்னா கதை பொஸ்தகம் படிச்சிகினு இருந்தான். அதான் பாய் காலு போச்சு." நான் புத்தகம் படிப்பவன் என்பது ஊருக்கே தெரியும், பட்டப்பெயரே 'புக்கு'தான், ஆகவே எல்லோரும் நம்பினார்கள். தாம்பரம் முதல் பல்லாவரம் வரை எந்த மரக்கடையும் என்னைச் சேர்க்கவில்லை. படித்ததனால் நாடு கடத்தப்பட்டவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவர்களெல்லாம் அரசர்களை எதிர்த்தவர்கள். என்னை அனுப்பியது ஒரு தேக்கு அடுக்கு.

போன ஆண்டு எங்கள் கம்பெனி சென்னையில் பைன் மரத்துக்கு ஏஜென்சி கொடுக்க முடிவுசெய்தது. கிடங்கு பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, தமிழ் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள். விண்ணப்பித்தவர்களில் தாமோதரனும் ஒருவர் என்று பார்த்ததும், கோயிலுக்கே போகாத நான் கோயிலுக்குப் போனேன்.

"ரவி சாரா! எனக்கு அப்பவே தெரியும் சார், நீங்க பெரிய ஆளா வருவீங்கன்னு" என்று கடை வாசலிலேயே முதலாளி இளநீரை நீட்டினார். அதே இடத்தில் அதே முன்னடுக்கு, இன்னும் உயரமாக.

"இதை இறக்கணும்" என்றேன்.

"அத்த மட்டும் வுட்டுடுங்க சார். முகப்பு காலியா கீதுன்னா ஜனம் இன்னா நெனைக்கும்?"

"எதிர் டீக்கடையில உக்காந்திருக்கறவருக்கு உங்க பின்சுவர் தெரியணும். அதான் உயரம்."

கம்பெனி விதி ஆள் உயரத்துக்கும் மேலே அனுமதிக்கிறது. பின்சுவர் விதி என் சொந்தத் தயாரிப்பு. அவர் திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கே காலை நீட்டியபடி பஷீர் பாய் உட்கார்ந்திருந்தார். நான்தான் பொழிச்சலூரிலிருந்து ஆட்டோ வைத்து அழைத்துவந்திருந்தேன். முதலாளி ஆட்களைக் கூப்பிட்டார்.

ஆட்களுக்கு ஹெல்மெட் கொடுத்து, அடுக்கைச் சுற்றிக் கயிறு கட்டினேன். கயிற்றுக்கு வெளியேதான் முதலாளி நிற்க வேண்டும். வெளியே என்றால் நடுச்சாலை, வெயில், தண்ணி லாரி. மேலிருந்து ஒவ்வொரு பலகையாக இறங்கியது. ஸ்கூட்டரில் போன ஒருவர் நிறுத்தி, "இன்னா மொதலாளி, கடைய காலி பண்றீங்களா? எடம் வாடகைக்கு வருமா?" என்றார். அந்தக் கேள்விக்காக நான் இன்னொரு முறைகூடக் கடல் தாண்டுவேன்.

"மச்சான், இதுக்கா பிளைட் புடிச்சி வந்தே?" என்றார் பாய். பிறகு கடைக்காரரிடம், "இன்னொரு டீ போடுப்பா. கடைசி பலகை வரைக்கும் இருந்துட்டுத்தான் போவேன்."

மாலையில் முதலாளி சாலையைக் கடந்து வந்தார். "பாய், காலு எப்டி கீது?"

"காலு அப்டியேதான் கீது மொதலாளி. உங்க அடுக்குதான் காணோம்."

ஏஜென்சியைக் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். மறுத்திருந்தால் மறுநாளே அடுக்கை ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். இப்போது அந்தத் தாழ்ந்த முகப்போடு வருஷக்கணக்கில் கடை நடத்த வேண்டும். மாதம் தவறாமல் முகப்பைப் படமெடுத்து எனக்கு அனுப்பவும் வேண்டும். படம் வந்ததும் பாய்க்கு அனுப்புவேன். அவர் ஒரு டீ கிளாஸ் படத்தைத் திருப்பி அனுப்புவார்.

போன வாரம் பிரையன் என் வீட்டுக்கு வந்தார். கார் ஷெட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். தரையில் நானே போட்ட மஞ்சள் கோடு. எதுவும் மார்புக்கு மேல் உயரவில்லை, ஓட இடமும் தாராளம். ஆனால் தெருவைப் பார்த்த பக்கம் முழுக்க அட்டைப்பெட்டிகள், ஓர் இடைவெளி இல்லாமல். ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது காலியாக இருக்கிறதே?" என்றார்.

எல்லாமே காலிதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? வாங்கி, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.