பத்தடி தூரத்தில் இருந்த கை

எழுபதுகளில் துபாயில் நான் துப்பாக்கி விற்றேன் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். எலிப்பொறி விற்றேன் என்றால் நம்புவார்கள். என் உருவம் அப்படி. ஆனால் அங்கே தேரா என்ற கடைவீதிப் பகுதியில் வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடையில் ஐந்து வருஷம் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றது நிஜம். முன்பக்கம் கூடாரம், டார்ச், தண்ணீர்ப் பை, ராஜாளியின் கண்ணை மூடும் தோல் குல்லா. பின்பக்கம் பூட்டிய கண்ணாடி அலமாரியில் துப்பாக்கிகள். போலீஸ் அனுமதிச் சீட்டோடு வருகிறவர்களுக்குத்தான் அந்தப் பூட்டைத் திறப்போம்.

அரபி முதலாளி என்னை அலமாரிப் பக்கம் போட்டதற்குக் காரணம் என் கை. எட்டாம் வகுப்புப் பையனின் கை அளவுதான் இருக்கும். கை சிறுத்தவர் யாராவது பிஸ்டல் வாங்க வந்தால் என்னைத்தான் முதலில் பிடித்துக் காட்டச் சொல்வார். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்னமும் வெட்கமில்லை. சிறிய கை என்றதும் சிறிய துப்பாக்கியை எடுத்து நீட்டக் கூடாது. பிடி உள்ளங்கையில் நன்றாகப் பதிந்திருக்கும்போதே ஆள்காட்டி விரலின் நுனிச் சதை விசையில் சிரமமில்லாமல் உட்கார வேண்டும். எட்டவில்லையென்று கையைத் திருகினால் குண்டு எங்கேயோ போகும். ரொம்பச் சிறியதாக இருந்தாலோ, பிடிக்க இடம் போதாமல் விரல்கள் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும். இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, "இதுக்கு முன்னால என்ன சுட்டிருக்கீங்க?" என்பது. அதை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். கேட்டே ஆகவேண்டிய ஒருத்தியிடம் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்து கடை மறுபடி திறந்திருந்த நேரம். ராஸ் அல் கைமா பக்கம் பேரீச்சந்தோட்டம் வைத்திருந்த ஒருவர் உள்ளே வந்தார். பழைய வாடிக்கைக்காரர், அனுமதிச் சீட்டும் கையில் இருந்தது. வாலிபத்தில் பம்பாய்க்கு அடிக்கடி படகில் போய் வந்தவர், என்னைவிட நன்றாக ஹிந்தி பேசுவார். முதலாளி அன்று கடையில் இல்லை.

"பாய், என் வீட்டுக்காரிக்கு ஒண்ணு வேணும். நான் மாசத்துல பாதி நாள் வெளியூர்ல. தோட்டத்துல அவளும் பிள்ளைகளும்தான். போன வாரம் எவனோ கதவைத் தள்ளிப் பார்த்திருக்கான். வீட்டுல நீளத் துப்பாக்கி இருக்கு. இடுப்புல குழந்தைய வச்சுக்கிட்டு வாசப்படியில அதத் திருப்ப முடியுமா?"

"கை எப்படி இருக்கும்?" என்றேன்.

"நான் என்னத்தக் கண்டேன்? வெளியே வண்டியிலதான் இருக்கா. கூப்பிடவா?"

வாசலில் அவருடைய பிக்கப் நின்றது. கவுண்ட்டரிலிருந்து பத்தடி தூரம் இருந்தால் அதிகம். முகத்தை மறைத்திருந்த ஒரு பெண்ணும் அவள் தோளில் ஒரு குழந்தையின் தலையும் தெரிந்தன. நான் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

பக்கத்து ஊரான அஜ்மானில் நான் தங்கியிருந்த ரூமில் ஆறு பேர். நான் வந்து இறங்கிய அன்றே ஒருவர் எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். "லேய், இங்க அரபிப் பொம்பளய நிமிந்து பாத்திராத, என்னா? பாத்தேன்னா அன்னைக்கே பிளைட்டுதான். அப்புறம் மாஃபி வேலை, மாஃபி விசா, ஒண்ணுமே கெடையாது." அவரே எந்த அரபிப் பெண்ணையும் பார்த்ததில்லை, அவருக்கு வேறு யாரோ சொன்னது. அந்த மக்களின் வழக்கம் என்ன என்று அந்த மக்களைவிட எங்களுக்குத்தான் கண்டிப்பாகத் தெரியும். கட்டிய கணவனே கூப்பிடவா என்று கேட்கிறார், நான் பதறிப்போய்க் கையை ஆட்டுகிறேன்.

"வேண்டாம், வேண்டாம். அவங்க கையில போடுற வளையல் ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வாங்க. போதும்."

பயம் பாதி. மீதி மேதாவித்தனம். எங்கள் வீடு திருவிழாக் கடைகளில் வளையல் விற்ற வீடு. வளையலைப் பார்த்தால் கையைச் சொல்வேன் என்று எனக்கு ஒரு மிதப்பு. அவர் சிரித்துக்கொண்டே போய்த் தங்க வளையல் ஒன்றைக் கொண்டுவந்தார். என் சுண்டுவிரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தேன். ரெண்டு ரெண்டு அளவு. ஊரில் வயதுக்கு வராத பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அளவு.

"ரொம்பச் சின்னக் கை" என்று தீர்ப்புச் சொல்லி, அலமாரியிலேயே சிறிய பிஸ்டலை எடுத்து வைத்தேன். குழல் ஒரு விரல் நீளம்கூட வராது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வளையலை வச்சே சொல்லிட்டியே! உஸ்தாத்!" என்று என் தோளில் தட்டினார். அன்று ரூமுக்குப் போய் இதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

வளையல் என்ன சொல்லும்? உள்ளங்கை எவ்வளவு மடங்கும் என்று சொல்லும். விரல் நீளத்தைச் சொல்லாது. அந்தக் கை எதைப் பிடித்துப் பழகியது என்று சொல்லவே சொல்லாது. வளையல் விற்ற வீட்டில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும்.

ஒரு மாதம் போயிருக்கும். அவர் திரும்ப வந்தார். இந்த முறை மனைவியும் கூடவே உள்ளே வந்தாள். அவளுடைய இடது கையில் பெரிய கட்டு. முதலாளி எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

நடந்ததை அவள் கணவர்தான் சொன்னார். அவள் சிறுமியாக இருந்த நாளிலிருந்து தகப்பன் வீட்டில் ரைஃபிள் சுட்டவள். குறி வைப்பதில் தன்னைவிடக் கெட்டிக்காரி என்றார். தோட்டத்துச் சுவரோரம் புதுப் பிஸ்டலை ஒருமுறை சுட்டுப் பார்ப்போமென்று எடுத்திருக்கிறாள். பழக்கத்தில் இடது கை தானாக முன்னால் போய்க் குழலைத் தாங்கியிருக்கிறது. ரைஃபிளில் அந்த இடத்தில் மரக்கட்டை இருக்கும். நான் கொடுத்ததில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. குண்டு வெளியே வருகிற வாய்தான் இருந்தது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது.

முதலாளியின் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுக்கு இதை யார் எடுத்துக் கொடுத்தது?"

அவள் கணவர் என்னைப் பார்த்தார். என் விசா அந்த முதலாளியின் கையில் இருப்பது அவருக்குத் தெரியும்.

"நான்தான் எடுத்தேன்" என்றார். "பையன் பெருசு காட்டினான். நான்தான் கேக்கலை."

ஒரு மூச்சு விடுகிற நேரம் எனக்குக் கிடைத்தது. இல்லை, நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல அது தாராளமாகப் போதும். நான் பேசவில்லை. முதலாளி அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மனைவியின் முன்னால், என் முன்னால், அந்த மனிதர் அசடு மாதிரி நின்றார்.

அவள் அலமாரியைக் காட்டி, நடுத்தர அளவு ரிவால்வர் ஒன்றைக் கேட்டாள். எடுத்து வைத்தேன். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு வலது கையால் பிடித்தாள். நீண்ட, எலும்பு தெரியும் விரல்கள். விரல் நுனி விசையில் அழகாகப் போய் உட்கார்ந்தது. இன்னொன்றையும் பார்த்தாள், வேண்டாமென்றாள், முதலில் எடுத்ததையே வைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நான் முந்தைய தடவை அவளுக்குக் கொடுக்காமல் விட்டேன். பொட்டலத்தை நீட்டியபோது ஹிந்தியில் "சுக்ரியா, பாய்" என்று நன்றி சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மனசு கேட்காமல் என் மனைவிக்கு இதையெல்லாம் எழுதினேன். எழுதுகிறபோதும் எனக்குப் புத்தி வரவில்லை. பக்கத்துக் கடையில் நடந்ததாக, அங்கே ஒரு கடைக்காரன் செய்ததாக எழுதிவிட்டேன். அடுத்த லீவில் ஊருக்குப் போனால் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் இந்தக் கதையைத்தான் சொல்கிறாள். வாசலில் நிற்கிற பொம்பளையைக் கூப்பிட்டு ஒருதடவை பிடித்துப் பார்க்கச் சொல்ல அவனுக்கு என்ன கேடு என்று கேட்பாள். வந்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கடைசியில் என் பக்கம் திரும்புவாள்.

"நீங்களே சொல்லுங்க, அவன்லாம் வெளங்குவானா?"

"வெளங்க மாட்டான்" என்பேன்.