செய்யது அண்ணாச்சி வெட்டிய குளங்கள்

முக்கிய அறிவிப்பு. மாயா பேரரசின் சங்கரன்கோவில் கிளை இன்று முதல் காலவரையின்றி மூடப்படுகிறது. தோல்வியே அறியாத பேரரசர், அதாவது நான், முடிதுறக்கிறேன்.

எதிரில் உட்கார்ந்து ஆட ஆள் இல்லை. செய்யது அண்ணாச்சி நேற்றுக் காலை இறந்துவிட்டார்.

ஹார்ட் அட்டாக். கடை திறக்கக் கிளம்பியவர், செருப்பு மாட்டும்போதே சரிந்துவிட்டாராம்...

தெரியாதவர்களுக்கு: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். அதற்கு முன்னால் ஷார்ஜாவில் டிரைவர். ஊருக்குத் திரும்பும்போது ரூம்மேட் ஒருவர் ஒரு போர்டு கேமைக் கொடுத்துவிட்டிருக்கிறார்.

பழைய மாயா நகரங்களைக் கட்டுகிற விளையாட்டு. பிரமிட் கோயில், சந்தை, சோளக்காடு, வீடு, குளம் என்று அட்டைகளை அடுக்க வேண்டும். கடைசியில் யார் நகரத்துக்குப் பாயிண்ட் அதிகமோ அவருக்கு வெற்றி.

அண்ணாச்சி இங்கிலீஷ் சரளமாகப் பேசுவார், படிக்க வராது. அதனால் ரூல்புக் என் பொறுப்பு. பிளஸ் டூ லீவு முழுக்க மத்தியானம் அவர் கடையில்தான் ஆட்டம்.

நான் பிரமிட் மேல் பிரமிட்டாக எழுப்புவேன். அவர் முதலில் குளம் வெட்டுவார். அடுத்ததும் குளம். பிறகு ஒவ்வொரு குளத்தையும் சுற்றி வீடுகளாக அடுக்குவார்.

"அண்ணாச்சி, ஒரு கோயிலாவது கட்டுங்க. மாயாக்காரன் சாமி கோவிச்சுக்கிடும்."

"ஏலே, தண்ணியில்லாத ஊர்ல எவம்லே குடியிருப்பான்? ஒம் பிரமிட்ட நக்கிக் குடிப்பானா?"

தோற்பார்.

ஒரு நாள் அவர் கடைக் கதவில் 'பொதுப்பணித்துறை - குளங்கள் பிரிவு' என்று பிரிண்ட் எடுத்து ஒட்டிவிட்டேன். வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர், மடை உடைந்துபோச்சு என்று நிஜ மனுவோடு உள்ளே வந்துவிட்டார்!

நான் ஓடத் தயாராக நின்றேன். அண்ணாச்சி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பைக்கில் ஏற்றி, நிஜ ஆபீசில் விட்டுவிட்டு வந்தார். வந்ததும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இஞ்சினியர் வந்தாச்சு. அட்டைய அடுக்குலே."

ஆனால் தோற்பதை மட்டும் அவரால் சிரித்துத் தள்ள முடியவில்லை. ஆட்டம் முடிந்த பிறகும் போர்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நா எங்கலே தப்பு பண்ணுதேன்? ஒரே ஒரு ஆட்டம்... ஒன்னய ஒரு தடவ ஜெயிச்சுட்டா போதும்லே."

வியாழக்கிழமை வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "மக்கா, ஞாயித்துக்கெழம வந்துரு. நல்லா யோசிச்சு வச்சிருக்கேன். இந்தத் தடவ விடமாட்டேன் பாத்துக்கோ."

இன்று ஞாயிறு. நேற்றுச் சாயங்காலமே மையவாடியில் அவருக்கு மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்துவிட்டேன்...

அவர் மகன் விளையாட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்கோ. ஒன்ன ஜெயிக்கவே முடியலன்னு வாப்பா சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். ரூல்புக்கில் கடைசியாக ஒரு பக்கம் உண்டு. சுற்றிலும் வீடுகள் உள்ள ஒவ்வொரு குளத்துக்கும் ஆட்ட முடிவில் தனிப் பாயிண்ட். பிரமிட்டுக்குக் கிடைப்பதைவிட அதிகம்.

முதல் நாளே படித்தேன். உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை, அண்ணாச்சி.

போய்ட்டு வாங்க அண்ணாச்சி. நீங்க எங்கயும் தப்பு பண்ணல. அநேகமா எல்லா ஆட்டத்திலயும் ஜெயிச்சது நீங்கதான்.