உள்ளேயிருந்து திறக்கும் ஜன்னல்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதனால் எனக்கு எழுத வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு சுத்தியலோடு இந்தத் தெருவுக்கு வந்தேன். இன்று சொந்தமாக வெல்டிங் பட்டறை, மாடி வீடு. தெருவில் உள்ள ஜன்னல் கம்பிகள் அத்தனையும் என் கை வேலை. ஆனால் நம் தெருச் சங்கத்து மலருக்கு நான் எழுத வந்தது எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைப் பற்றி. அவரைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் இங்கே இல்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

ஒரு அறை, ஒரு சமையலறை. அதில் அந்த அம்மா, லாரி ஓட்டிய கணவர், கால் விளங்காத அக்கா. நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். திருட்டு பயம் என்று சொன்னதால் அந்த வீட்டு ஜன்னலுக்குக் கம்பி அடித்தேன். சாதாரணமாக அடித்தால் என் பெயர் என்ன ஆவது? எவனும் கழற்றிவிடாதபடி போல்ட்டுகளின் தலையையும் சேர்த்துப் பற்றவைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தது.

பதினோரு வருஷத்துக்கு முன் ஆற்றங்கரை உடைந்தது. பட்டப்பகல். தையல்காரம்மா அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார். விடியும்வரை லாரி ஓட்டிவிட்டு வந்த கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கதவு வெளிப்பக்கம் திறப்பது. வெள்ளம் அதன்மேல் சாய்ந்துகொண்டது. மனிதர் ஜன்னலுக்கு வந்தார். என் மாடியிலிருந்து கயிற்றை வீசி, கம்பியில் கட்டச் சொல்லி மூன்று பேர் இழுத்தோம். மின்சாரம் இல்லை, வெட்டும் மெஷின் கையில் இருந்தும் உதவவில்லை. கயிறுதான் அறுந்தது. என் வேலை இம்மி அசையவில்லை. அவருடைய இரண்டு கைகளும் வெகுநேரம் கம்பியைப் பிடித்திருந்தன. பிறகு பிடித்திருக்கவில்லை.

அந்த அம்மா என்னை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை. மூன்று மாதம் கழித்துப் பட்டறைக்கு வந்து, அந்த ஜன்னலை உள்ளேயிருந்து திறக்கும்படி மாற்றித் தர முடியுமா என்றார். எனக்கு வீம்பு விடவில்லை. அப்புறம் திருடன் வந்தால் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது என்றேன்.

"வரட்டுமேண்ணே. வந்து என்னத்தக் கொண்டு போவான்? கை வைக்காத ஜாக்கெட் நாலு கெடக்கு. போட்டுக்கிட்டுப் போகட்டும்."

சிரிக்காமல் சொன்னார். பழையதை வெட்டி எடுத்துவிட்டுக் கீல் வைத்த புதுக் கம்பி போட்டேன். தாழ்ப்பாள் உள்பக்கம், குழந்தை தொட்டாலும் விலகும். அப்படி ஒரு தாழ்ப்பாளை வேறு எந்தப் பட்டறையிலும் வாங்க முடியாது.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையே அந்த ஜன்னல்தான். ரெக்ஸின் பையில் பத்திரங்கள், அக்காவின் மாத்திரை, விசில், டார்ச். மூடியை இறுக்கிய இரண்டு காலி பிளாஸ்டிக் கேன்களை அக்காவின் இடுப்பில் கட்டத் தோதாக நாடா தைத்து வைத்திருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை தடவி நடந்து தாழ்ப்பாளைத் திறப்பார். சேற்றுத் தண்ணீரில் கண்ணுக்கு என்ன வேலை என்பார். தெருவில் எல்லாரையும் செய்ய வைத்தார். முதுகுக்குப் பின்னால் வெள்ளத்தம்மா என்று பெயர் வைத்தார்கள். முன்னால் வந்து பை தைத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஜன்னலைத் திறந்ததும் வெளியே வர மாட்டார். ஓரமாக ஒதுங்கிக் கொஞ்ச நேரம் நிற்பார். ஏன் என்று அக்காவிடம் கேட்டேன்.

"அவரு மொதல்ல எறங்கணுமாம். வழி விடுறா," என்றாள் அக்கா. அதன்பின் ஞாயிறு காலைகளில் நான் எதிர்ப்பக்கம் பார்ப்பதில்லை.

போன வருஷம் வெள்ளம் மறுபடி வந்தது. மாலைக்குள் வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி சொல்லிவிட்டுப் போனது. தண்ணீர் மதியமே வந்துவிட்டது. தெரு மொத்தமும் பையோடு என் மாடிக்கு ஏறியாயிற்று. அக்காவைத் தூக்க ஆள் வருவதற்குள் எதிர்வீட்டுக் கதவு பழையபடி அடைத்துக்கொண்டது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் அந்த ஜன்னலுக்குப் போனேன். எழுபத்திரண்டு வயதில் யார் போவார்? தாழ்ப்பாள் திறந்தது. கேன் கட்டிய அக்கா மிதந்து வந்தாள். கயிற்றைப் பிடித்து எனக்குப் பின்னால் வந்தவர்களிடம் தள்ளிவிட்டேன்.

தையல்காரம்மா வரவில்லை. உள்ளே ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் தாடைக்கு ஏறிக்கொண்டிருந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவே எதையோ பார்த்தது. என்னையும் அறியாமல் கொஞ்சம் நகர்ந்தேன்.

பிறகு, பத்து வருஷம் தொண்டையிலேயே கிடந்ததைச் சொன்னேன்.

"தங்கச்சி, அவரு வரமாட்டாரு. போல்ட்டத் தலையோட சேத்துப் பத்தவச்சவன் நான்தான். யாரும் சொல்லல, நானாத்தான் செஞ்சேன்."

அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"தெரியும்ணே. தூசி தட்டுறப்போ தெனமும் பாத்த கம்பிதானே," என்றார். "கையக் குடுங்க."

கொடுத்தேன். வந்துவிட்டார்.

இப்போது தெருவில் எந்த ஜன்னலும் உள்ளேயிருந்து திறக்கும், எல்லாம் என் வேலை. தையல்காரம்மா இன்னும் ஞாயிறு காலையில் கண்ணைக் கட்டிக்கொள்கிறார், இன்னும் ஓரமாக ஒதுங்குகிறார். அன்று வெட்டி எடுத்த பழைய கம்பியை நான் காயலான் கடைக்குப் போடவில்லை. பட்டறைக்குப் பின்னால் மழையில்தான் சாய்ந்து கிடக்கிறது. ஒரு பொட்டு துரு ஏறவில்லை.